பயணச் சலுகைக்கு ஆதாரம் தூரமா, சிரமமா?

ஜகார்த்தாவுக்கும் ஜித்தாவுக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். நீராவிக் கப்பல் காலத்தில் இந்தோனேசிய ஹஜ் பயணிகள் வாரக்கணக்கில் கடந்த இத்தொலைவை இன்றைய விமானம் ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. இஸ்லாமியச் சட்டம் பயணிக்கு, நான்கு ரக்அத் (தொழுகையின் அலகு) கொண்ட லுஹர், அஸர், இஷா தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழும் 'கஸ்ர்' எனும் சலுகையையும், ரமளான் நோன்பை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கும் சலுகையையும் வழங்குகிறது. பாலை வெயிலில் ஒட்டகத்தின்மேல் வந்தவருக்கு உரிய இச்சலுகை, குளிரூட்டிய விமானத்தில் உறங்கியபடி வருபவருக்கும் உரியதா என்ற கேள்வி, சட்டம் உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வியாகவே விரிகிறது.

இஸ்லாமியச் சட்டப்பள்ளிகளான மத்ஹப்களுள் ஹனஃபீ மத்ஹப் நடுத்தர வேகத்திலான மூன்று நாள் வழியை அளவாகக் கொள்கிறது. இந்தோனேசியரும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களும் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் இரண்டு 'மர்ஹலா', அதாவது சுமையேற்றிய ஒட்டகத்தின் இரண்டு நாள் வழி என்கிறது. அளவுகோல் நாள் கணக்கில் சொல்லப்பட்டாலும் அளக்கப்படுவது வழியின் நீளமே என்பதை, 1277இல் மறைந்த இமாம் நவவி தம் 'மின்ஹாஜ்' நூலில் ஐயமறத் தெளிவுபடுத்தினார்: கடலில் ஒருவர் அத்தொலைவை ஒரே மணி நேரத்தில் கடந்தாலும் அவர் சுருக்கித் தொழலாம். விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதற்கான விடை எழுதப்பட்டுவிட்டது என்பது வியப்புக்குரியது.

இதன் பின்னணியில் நிற்பது, சட்டம் எதைச் சார்ந்து இயங்குகிறதோ அந்த 'இல்லத்'துக்கும், அச்சட்டத்தால் விளையும் நன்மையாகிய 'ஹிக்மத்'துக்கும் இடையிலான வேறுபாடு. சிரமத்தைக் குறைப்பது ஹிக்மத், பயணமே இல்லத். ஆகவேதான் வசதியாகப் பயணம் செய்யும் அரசர் தொழுகையைச் சுருக்க, ஊரிலேயே நாள் முழுதும் சுமை தூக்குபவர் முழுமையாகத் தொழுகிறார். இது அநீதிபோலத் தோன்றினும், சிரமத்தையே அளவாக்கியிருந்தால் ஒவ்வொருவரும் தம் களைப்புக்குத் தாமே நீதிபதியாக நேர்ந்திருக்கும். மனச்சான்று கூர்மையானவர் எந்நாளும் சலுகையை ஏற்கத் துணியமாட்டார், மெத்தனமானவரோ எந்நாளும் அதை விடமாட்டார். பயணத்தில் எதிரிகளைப் பற்றிய அச்சம் நீங்கிய பின்னும் ஏன் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்று நபித்தோழர் உமர் கேட்டபோது, அது இறைவன் வழங்கிய கொடை என்பதே நபிகளாரின் விடை என ஹதீஸ் கூறுகிறது. கொடையைப் பெறுபவர் தம் துன்பத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

நோன்பில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஜகார்த்தாவில் விடியலுக்குப் பின் புறப்படும் நோன்பாளி மேற்கு நோக்கிச் செல்வதால், சூரியன் பின்தங்காமல் உடன் வர, அவருடைய பகல் நான்கு மணி நேரம் வரை நீள்கிறது. ஆயினும் ஊரில் இருக்கையில் நோன்பைத் தொடங்கிவிட்டவர் அன்றைய நோன்பைப் பயணத்தைக் காரணம் காட்டி முறிக்கக் கூடாது என்கிறது அதே 'மின்ஹாஜ்'. ஹன்பலீ மத்ஹப் அதற்கு இடமளிக்கிறது. நெடும்பகலின் தாகத்தால் உடலுக்குத் தீங்கு நேருமாயின் ஷாஃபிஈ நோன்பாளியும் முறிக்கலாம், ஆனால் அது பயணிக்குரிய சலுகையாக அன்று, நோயுற்றவருக்குரிய சலுகையாகவே அவருக்குக் கிட்டுகிறது.