திரையும் விசிலும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியெல்லாம் கரிசலும் வேலிக்கருவையும்தான். அந்தத் திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலை ஒட்டிய வீட்டில், 1879 டிசம்பர் 30 அன்று, பின்னாளில் ரமணர் எனப்பட்ட வேங்கடராமன் பிறந்தார். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். மறு வருடமே இந்தப் பிள்ளை மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். ஆனாலும், பிற்காலத்தில் தம்மைத் தேடி வந்தவர்களுக்கு ஆன்மாவைப் பற்றிச் சொல்ல ரமணர் சினிமாத் திரையைத்தான் எடுத்துக்கொண்டார். படத்தில் தீ எரிந்தாலும் திரை கருகாது. வெள்ளம் புரண்டாலும் நனையாது.

இந்தத் திரை உவமையோடு சிரிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். 1930களில் பெரிய படத்தோடு சின்ன நகைச்சுவைப் படங்களையும் ஒட்டிக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட துண்டுகளைக் கோத்து 1939இல் 'சிரிக்காதே' என்றே ஒரு படம் வந்தது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் பாட்டும் பகடியுமாகக் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பத்து வருடம் கழித்து வந்த 'நல்லதம்பி'யில் கலைவாணரின் 'கிந்தனார்' காலட்சேபம் படத்துக்குள் தனிப் படம் மாதிரியே ஓடும். நந்தனார் கதையின் பகடி அது. பக்தர் நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார். கிந்தன் ரயிலேறிப் பட்டணத்துக்குப் படிக்கப் போகிறான்.

அழுகைப் படம் ஆளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சிரிக்கும்போதோ, அவரும் சிரிக்கிறாரா என்று சட்டென்று திரும்புகிறோம். அந்த ஒரு கணம் கதை நம்மை விட்டுவிடுகிறது. பார்க்கிறவன் மட்டும் மிஞ்சுகிறான். சாட்சி பாவம் என்று பெரியவர்கள் சொல்வது இதற்கு வெகு தூரமில்லை.

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நல்ல கட்டத்தில் பிலிம் அறுந்துபோகும். வெறும் வெளிச்சம் விழுந்த வெள்ளைத் துணி எதிரே நிற்கும். அங்கங்கே ஒட்டுப்போட்ட தையல்கூடத் தெரியும். அவ்வளவு நேரமும் அத்தனை பேரையும் தாங்கியது அந்தத் துணிதான். அது தனியாகத் தெரிந்ததும் ஒருவருக்கும் பொறுக்காது. விசில், கூச்சல், ஆப்பரேட்டருக்கு வசவு!

கண்ணை மூடி உட்காரும்போதும் இதே கதைதான். நினைப்பு கொஞ்சம் அறுந்தால் போதும், மனசு உடனே ஆப்பரேட்டரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறது.