வேலிக்குக் கீழே ஓடும் நீர்

மனிதன் உழைத்துத் தேடும் பொருள் ஒரு வகை. உழைப்பின்றி அவனுக்குக் கிடைக்கும் பொருள் மற்றொரு வகை. முதலாவது தன்னுடையது என்று அவன் சொல்லலாம். இரண்டாவதைக் கடவுள் தந்தது என்கிறான். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கிணற்று நீர். கிணறு வெட்டுகிறவன் பாடுபடுகிறான், பணம் செலவழிக்கிறான். எனினும் அவன் வெட்டுவது குழியை மாத்திரமே. அக்குழியில் வந்து நிறையும் நீரை அவன் உண்டாக்கவில்லை. அப்படியானால் அந்நீர் எவருடையது? ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் மக்களுக்கு இது ஏட்டில் மட்டும் இருக்கும் கேள்வி அன்று. ஒவ்வொரு வளவிலும் எழும் கேள்வியாகும்.

குடும்பம் ஒன்று தன் வளவில் புதிதாகக் கிணறு வெட்டுகிறது என்று கொள்வோம். மேலே செம்மண். அதன் கீழே சுண்ணாம்புக் கல். பல நாட்கள் கல்லை உடைத்து இறங்கியும் ஈரம் மட்டுமே தெரிகிறது. வீட்டுக்காரர் மனம் சோர்ந்திருக்கும் வேளையில், அலவாங்கு விழுந்த இடத்திலே கல் வெடித்துப் பிலம் ஒன்று திறக்கிறது. அதனுள்ளே நீர் ஒரு பக்கமிருந்து வந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இறைக்க இறைக்கக் குறையவில்லை. வீட்டுக்காரர் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுகிறார். அயலவர்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். "இது கடவுள் உமக்கெண்டு தந்தது" என்கிறார் ஒருவர். வேலிக்கு அப்பால் குடியிருக்கும் முதியவரோ, "எங்கட வளவுக்குக் கீழாலதானே தம்பி உது வந்திருக்கும்" என்கிறார்.

முதலாவது வார்த்தை கேட்பவரை மகிழ்விக்கிறது. இரண்டாவது அவரைச் சிந்திக்க வைக்கிறது. இவற்றுள் எது சரி என்று தீர்மானிக்குமுன் அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கியாறு கூட மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்கும் உரிய முதல். அம்மழை மண்ணை ஊடறுத்துக் கல்லுக்குள் இறங்குகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு தன்னுள் கரைத்துக்கொள்வதால் அதற்குச் சுண்ணாம்புக் கல்லை அரிக்கும் தன்மை வந்துவிடுகிறது. எண்ணற்ற ஆண்டுகளாக இவ்வாறு அரித்ததன் பயனாகக் கல்லிலே வெடிப்புகளும், வெடிப்புகள் பெருத்து வழிகளும், வழிகள் கூடிப் பிலங்களும் உண்டாயின. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறும், கடலின் ஓரத்திலே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும் இவ்வாறு அமைந்தவையே. நிலாவரையில் இட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று கிராமங்களில் ஒரு கதை வழங்குகிறது. அது அளந்து பார்த்துச் சொன்ன செய்தி அன்று. ஆயினும் ஓரிடத்து நீருக்கும் இன்னோரிடத்து நீருக்கும் கீழே உறவு உண்டு என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதை சான்றாகும்.

பாரத நாட்டிலும் இவ்வுணர்வு பழமையானது. கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதை என்னும் நூலில் நிலத்தடி நீரைப் பற்றித் தனி அத்தியாயம் ஒன்றையே வகுத்துள்ளார். மனித உடம்பிலே இரத்தக் குழாய்கள் ஓடுவது போலப் பூமிக்குள்ளும் மேலும் கீழுமாக நீர் நாளங்கள் ஓடுகின்றன என்பது அவர் கருத்து. வானத்திலிருந்து விழும் நீருக்குச் சுவை ஒன்றுதான். அது சேர்ந்த மண்ணால்தான் அதன் நிறமும் சுவையும் வேறுபடுகின்றன என்றும் அவர் கூறுகிறார். மரங்களையும் புற்றுகளையும் அடையாளமாகக் கொண்டு நீரோட்டம் காணும் அவருடைய முறைகளை இன்றைய விஞ்ஞானம் முழுவதும் ஏற்காமற் போகலாம். ஆனால் உடம்பின் உவமை சிந்திக்கத்தக்கது. கையில் ஓடும் இரத்தத்தைக் கை தனக்கே உரியது என்று சொல்ல முடியாது. அது இருதயத்திலிருந்து வந்தது. மற்ற உறுப்புகளுக்கும் போக வேண்டியது. கை அதைத் தேக்கி வைத்தால் முதலில் வீங்குவது கைதான்.

இனி, வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். "காணி என்னுடையது. உறுதி என் பெயரில் இருக்கிறது. நகையை அடைவு வைத்துக் கிணறு வெட்டினேன். நீர் கிடைக்காமற் போயிருந்தால் நட்டத்தில் பங்குகொள்ள எவராவது வந்திருப்பார்களா?" என்று அவர் கேட்கலாம். இக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. கிணறு அவருடையதே. அதில் அள்ளிக் குடிக்கவும், குளிக்கவும், பயிர் செய்யவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் களவு செய்தவர் அல்லர்.

ஆயினும் கிணறு வேறு, நீர் வேறு. கிணற்றை விற்றவன் ஒருவன், "கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை" என்று வாங்கியவனிடம் வழக்காடிய கதையைச் சிறுவரும் அறிவர். "அப்படியானால் உன் தண்ணீரை உடனே வெளியே எடுத்துக்கொண்டு போ" என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அக்கதையைக் கேட்டுச் சிரிப்பதோடு நின்றுவிடுகிறோம். அதன் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. நீரைத் தனக்கென்று சொன்னவனால் அதைத் தனியாக எடுத்து வைக்க முடியவில்லை. எடுக்க எடுக்க அது வந்துகொண்டே இருக்கும். எங்கிருந்து வரும்? அயலிலிருந்து வரும்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். தோட்டக் காணி உறுதிகளிலே நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும் சேர்த்து எழுதப்பட்டன. ஒரு கிணற்றிலே பலருக்குப் பங்கு இருக்கும். இன்றைக்கு ஒருவர் முறை, நாளைக்கு இன்னொருவர் முறை. துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்திலே ஒருவர் முறை மீறி இறைத்தால் ஊர் முழுவதும் அறியும். துலா மிதிப்பவருக்குக் கால் நோகும். பட்டை பிடிப்பவருக்குக் கை நோகும். அந்த நோவே அளவுக்கு எல்லையாக இருந்தது. மோட்டருக்கு நோவு கிடையாது. ஒருமுறை ஆழியை அழுத்திவிட்டு மனிதன் உறங்கப் போய்விடலாம். விடியும்வரை நீர் ஓடிக்கொண்டிருக்கும். எவரும் காணமாட்டார்கள்.

எவரும் காணாத இடத்தில் நடப்பது என்ன? குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லின் உள்ளே உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதையே மறுபுறம் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடி நீர் நிரந்தரமாகக் குறைந்துபோனால் கீழேயிருந்து உவர் ஏறத்தாழ 40 அடி மேலெழுந்து வரலாம். நிலாவரையிலும் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பது எல்லோரும் அறிந்ததே. மேலே ஒருவன் கொள்ளும் சிறிய ஆசைக்குக் கீழே எத்தனை மடங்கு விலை கொடுக்க நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. அதிலும், ஆசைப்பட்டவனின் கிணறு ஆழமானதாக இருந்தால் அவனுக்கு முன்னரே அயலில் உள்ள ஏழையின் ஆழங்குறைந்த கிணறு வற்றிவிடுகிறது. கரையோரக் கிராமமாயின் அது உவராகியும் விடுகிறது. ஒருமுறை உவரேறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் செல்லும்.

இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகிறது. தீங்கு செய்தவன் தீங்கு செய்யவேண்டும் என்று நினைக்கவில்லை. தீங்குக்கு உள்ளானவனுக்கு அதைச் செய்தவர் யார் என்று தெரியாது. இருவருக்கும் நடுவில் சாட்சியும் இல்லை. இப்படிப்பட்ட செயலைப் பிழை என்று சொல்லலாமா? மனிதர் கண்ட தீமையை மட்டும் தீமை என்று கொள்வதானால் கோயில் எதற்கு? காணாத இடத்திலும் காண்பவன் ஒருவன் உளன் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டதே சமயம். பாலுக்குள் நெய் போல எங்கும் மறைந்து நிற்பவன் இறைவன் என்று நம்புகிறவர்கள், மறைந்து ஓடும் நீரிடத்திலும் அந்த நம்பிக்கையோடு நடந்துகொள்ளல் வேண்டும்.

அளவு ஒன்று, தூய்மை மற்றொன்று. கல்லின் வழிகளால் நீர் வந்தது போலவே அழுக்கும் வரும். மலசலகூடக் குழியில் விட்டது, தோட்டத்தில் அளவுக்கு மீறிப் போட்ட உரம், வளவின் மூலையில் ஊற்றிய கழிவெண்ணெய் ஆகிய எல்லாம் அதே வழியால் கீழே போகின்றன. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டங்கள் நெருங்கிய ஊர்களில் இவ்வளவை மீறிய கிணறுகள் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அந்நீர் ஆபத்தானது. சில ஆண்டுகளுக்கு முன்னர் சுன்னாகத்தை அண்டிய ஊர்களின் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த துயரத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஒரு வளவுக்குள் ஊற்றியது அந்த வளவோடு நின்றுவிடாது என்பதை அன்று சட்டமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெரிய இடங்களின் தவறைக் காட்டிப் பேசுவோர், தம் வீட்டுக் குழியின் அடிப்பாகம் பூசப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தல் நன்று.

கோயிலின் தீர்த்தக் கிணறும் இதே ஓட்டத்தின் மேல்தான் இருக்கிறது. விடியற்காலையில் குருக்கள் அள்ளும் நீர் நேற்று எந்த வளவின் கீழே நின்றதோ எவர் அறிவார்? கோயில் வாசலில் கால் கழுவி, உள்ளே சென்று கைகூப்பி நிற்கிற ஒருவர், தன் வளவிலே அழுக்கைக் கீழே விட்டிருந்தால் அது அபிஷேகக் குடத்துக்கும் வரக்கூடும். திருவிழாவுக்கு உபயம் செய்வது புண்ணியம். சுவாமிக்குச் செல்லும் நீரை அழுக்காக்காமல் விடுவதும் ஓர் உபயமே. அதற்குச் செலவு இல்லை. உபயகாரர் பெயர்ப்பட்டியலிலும் அது இடம்பெறாது.

பெயர் வேண்டாத நீர்த்தொண்டுக்குப் பெரியபுராணம் நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். தம் கைப்பொருளால் வைத்தார். ஆனால் பந்தலுக்கு இட்ட பெயர் தம்முடையது அன்று. அதுவரை கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். நீரை வழங்கினாரேயன்றி அதன்மேல் தம் பெயரை எழுதவில்லை. வழிப்போக்கராக அங்கு வந்த நாவுக்கரசர், பந்தல் வைத்தவர் யார் என்று கேட்டறிந்து அவர் வீட்டுக்குச் சென்றார். "என்னுடையது" என்று சொல்லாதவர் வீட்டைத் தேடி அருளாளர் வந்தார் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் பொருள்.

இந்த மண்ணின் அண்மைக்கால வரலாறும் இதையே கற்பித்தது. போரினால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின்னர் வலிகாமம் வடக்கில் தத்தம் ஊருக்குத் திரும்பியவர்களில் பலருக்கு வளவை அடையாளம் காண்பதே கடினமாயிற்று. கதியால் வேலி இல்லை. வீட்டின் கூரை இல்லை. எல்லைக் கல்லும் இல்லை. பற்றைக்குள்ளே கிணறு இருந்தது. குப்பையை அகற்றி இறைத்தபோது நீர் வந்தது. எந்த எல்லைகளுக்காக உடன்பிறந்தோர் நீதிமன்றம் ஏறினார்களோ அந்த எல்லைகள் அழிந்துபோயின. அவற்றுக்குக் கீழே ஓடிய நீர் எவருடைய உறுதியையும் பாராமல் ஓடிக்கொண்டேயிருந்தது.

ஆகவே முன்னர் சொன்ன இரண்டு வார்த்தைகளும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. கடவுள் தந்தார் என்பது உண்மை. அயலவர் காணிக்குக் கீழால் வந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் பொருள் இதுதான்: நீரைக் கண்டவர் அதன் சொந்தக்காரர் அல்லர், அதை அடைக்கலமாகப் பெற்றவர். அடைக்கலப் பொருளை வைத்திருப்பவர் தேவைக்குப் பயன்படுத்தலாம். அழிக்கவோ அழுக்காக்கவோ கூடாது. கேட்டு வந்தவருக்கு ஒரு குடம் நீர் இல்லையென்று படலையைச் சாத்தக் கூடாது.

"ஊரார் எல்லோரும் இறைக்கும்போது நான் ஒருவன் மட்டும் குறைத்து என்ன பயன்?" என்பது அடுத்துக் கேட்கப்படும் கேள்வி. மாரியிலே ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத்தான் விழுகிறது. தான் ஒன்று விழுந்து என்ன பயன் என்று எந்தத் துளியும் மேகத்தில் தங்கிவிடுவதில்லை. கூரை நீரை வீதிக்கு ஓடவிடாமல் வளவிலேயே ஊறவிடுதல், தோட்டத்துக்குத் தேவையான அளவு மட்டும் இறைத்தல், கோயில் கேணியையும் ஊர்க் குளத்தையும் மாரிக்கு முன்னர் தூர்வாரி வைத்தல் ஆகியவை ஒரு குடும்பமும் ஓர் ஊரும் செய்யக்கூடியவையே. எடுத்தவர் திருப்பி வைத்தல் கடன் தீர்க்கும் முறையாகும்.

பிள்ளைகளுக்குக் காணி எழுதி வைக்கிறோம். நீரை எழுதி வைக்க எந்த நொத்தாரிசாலும் முடியாது. அதை நல்லபடி விட்டுச் செல்லவே முடியும். மண்ணுக்குள் மறைந்து நின்று எல்லா உயிர்க்கும் உணவாகும் நீரை மதித்து நடக்கும் மனத்தை அடியார்கள் அனைவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக.