நிறுவனத்துக்காகப் பேசுகிறவரின் வாய்மை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல தொழிற்சாலைகளின் வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு பலகை கண்ணில் படும். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெயின்ட்டில் எழுதி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். தினமும் காலையில் ஒருவர் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவார். எண் பெரிதாகப் பெரிதாக அதைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற நெருக்கடியும் வளரும். விரல் நசுங்கியவரைப் பதிவேட்டில் ஏற்றாமல் வெளியே ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டு அழைத்து வந்துவிடத் தோன்றும். இத்தகைய பலகைகள் சிறு காயங்களை மறைக்கத் தூண்டும் என்று தொழிற்பாதுகாப்பு வல்லுநர்கள் பல நாடுகளில் எச்சரித்திருக்கிறார்கள். எண்ணை எழுதுகிறவர் தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பலகையில் இருப்பது பொய். அந்தப் பொய்யில் அவருக்குப் பங்கு உண்டா? கார்ப்பரேட் கம்யூனிகேஷன் என்ற படிப்பின் அறக்கேள்வி முழுவதும் இதற்குள் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன்.

1964-ல் சுமார் 1,300 ஏக்கரில் அமைந்த இந்தத் தொழிற்பேட்டையின் சிறு லேத் பட்டறைகளில் இந்தக் கேள்வி எழுவதே அபூர்வம். அனுப்பிய சரக்கு ரிஜெக்ட் ஆனால் முதலாளியே போனை எடுத்துப் பேசுவார். செய்தவரும் பதில் சொல்கிறவரும் ஒருவரே. நிறுவனம் பெரிதாகும்போதுதான் கையும் வாயும் பிரிகின்றன. பிரிந்த வாய்க்குப் பயிற்சி தரவே பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு வந்திருக்கிறது. பத்திரிகைக் குறிப்பு எழுதுவது, ஊழியர் இதழ் நடத்துவது, நெருக்கடி நேரத்தில் நிருபர்களைச் சந்திப்பது எல்லாம் அதில் கற்பிக்கப்படுகின்றன. அறநெறிக்கும் ஒரு தாள் உண்டு. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958-ல் தோன்றியது. அந்தத் துறையினர் 1968-ல் டெல்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாடு, மக்கள் தொடர்புத் தொழிலுக்கான 1965-ன் சர்வதேச ஏதென்ஸ் நெறிமுறையை ஏற்றது. உண்மையை வேறு தேவைகளுக்காகத் தாழ்த்தாதே, உறுதியாகாத தகவலைப் பரப்பாதே என்று அந்த நெறிமுறை கேட்கிறது. நல்ல கட்டளைகள்தான். ஆனால் அவை அத்தனையையும் கடைப்பிடித்துக்கொண்டே ஒருவர் வாய்மை தவறிவிட முடியும். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒப்புக்கொண்டுவிட்டால் போதும். இந்தத் தொழிலில் பொய்யைவிட அதிகம் அஞ்ச வேண்டியது இந்த ஒப்புதலைத்தான் என்பது என் வாதம்.

2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சானது. 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று அறைத் தோழிகளுக்கு நம்பும்படியாகத் தகவல் போய்ச் சேரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களை அதிகாரிகள் வீடியோ காலில் காட்டி, அவர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. உயிரிழப்பு எதுவும் இல்லை என்ற நல்ல செய்தி முதல் நாளிலிருந்தே உண்மையாக இருந்தது. ஆனாலும் அதை நம்பவைக்க ஒரு நிர்வாகத்தின் சொல் போதவில்லை. விடுதியின் நெரிசல், கழிப்பறையின் நிலை, சாப்பாட்டின் தரம் பற்றி அந்தப் பெண்களிடம் அதற்கு முன் யாராவது கேட்டு, கேட்டதை மேலே கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

உள்ளே கேட்டதை மேலே சொல்லும் இந்தக் கடமை குறளிலும் இருக்கிறது. வள்ளுவர் வாய்மை என்ற அதிகாரத்தை அறத்துப்பாலில், துறவறத்தில் வைத்தார். சொல்வன்மையையும் தூதையும் பொருட்பாலில், அமைச்சியலில் வைத்தார். இதை வைத்து, வாய்மை துறவிக்கு, பேச்சுத்திறன் பதவியில் இருப்பவருக்கு என்று பிரித்துக்கொள்ளத் தோன்றலாம். பாடத்திட்டங்கள் தம்மை அறியாமல் செய்வதும் இதுதான்: திறனுக்குப் பல தாள்கள், அறத்துக்கு ஒன்று. ஆனால் சொல்வன்மைக்கு முன் நிற்கும் அமைச்சு அதிகாரத்தைப் படித்தால் இந்தப் பிரிவினை நிற்காது. அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளுகிறவனாக இருந்தாலும், அவனுக்கு உறுதியானதை எடுத்துச் சொல்வது உடனிருப்பவனின் கடமை என்கிறது அது. தூது அதிகாரமோ, தன் உயிருக்கே கேடு வந்தாலும் அரசனுக்கு நன்மை தேடித் தருகிறவனே தூதன் என்று முடிகிறது. கவனிக்க வேண்டியது, சொல் போகும் திசை. வெளியே அழகாகப் பேசும் உரிமை, உள்ளே கசப்பாகப் பேசியவருக்குக் கிடைக்கிறது. வள்ளுவர் பேசுவது சம்பளம் வாங்கும், அரசனின் தயவில் வாழும் மனிதரைப் பற்றி. அதனால்தான் அவர் சொல்வது கார்ப்பரேட் கம்யூனிகேஷன் மாணவர்களுக்குப் பொருந்துகிறது.

வக்கீல் கட்சிக்காரருக்காக வாதாடுகிறார், அவரை நாம் பழிப்பதில்லையே, நிறுவனத்தின் குரலை மட்டும் ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்கலாம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, இரு பக்கமும் கேட்கக் கடமைப்பட்ட நீதிபதி உண்டு. ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு தரப்பு மட்டுமே பேசும் இடத்தில் வக்கீலின் சலுகையைக் கேட்பது முறையாகாது. இரண்டாவது ஆட்சேபம், வள்ளுவரையே துணைக்கு அழைக்கும்: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் சொல்லவில்லையா, பீதி பரவாமல் காக்க ஒரு தகவலை நிறுத்திவைத்தால் என்ன தவறு? அங்கே நிபந்தனை மிகக் கடுமையானது. நன்மை கேட்பவருக்குச் சேர வேண்டும், அதில் ஒரு குற்றமும் இருக்கக் கூடாது. பங்கு விலைக்காகவோ ஏற்றுமதி ஆர்டருக்காகவோ காக்கப்படும் மௌனம் அந்த நிபந்தனையின் பக்கத்தில்கூட வராது. தகவல் வராத இடத்தில் பீதி குறையாது என்பதையும் நெடுஞ்சாலை காட்டிவிட்டது.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. கல்விக்கடனோடு வேலைக்குச் சேரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம், ஆவடியில் வாடகை வீட்டில் அப்பா அம்மாவைக் காப்பாற்றும் பையனிடம், நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே பேசு என்று கேட்பது நியாயமா? தனி ஆளாகக் கேட்டால் நியாயமில்லை. சட்டமும் பதவிக்கான பாதுகாப்பும் பின்னால் நிற்க வேண்டும். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த இரவில், எந்த வாயு, என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கே தெளிவாகச் சொல்லப்படவில்லை. அதன் விளைவாகத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-ல் வந்த திருத்தம், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் அதன் கேடுகளைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. தகவல் நிறுவனத்தின் தயவு என்ற நிலை அந்த அளவுக்காவது மாறியது. அதே 1984-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் க்ரூனிக்கும் டாட் ஹண்ட்டும் எழுதிய மக்கள் தொடர்புப் பாடநூல், மக்கள் சொல்வதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ளும் இருவழித் தொடர்பே உயர்ந்தது என்றது. மக்கள் தொடர்பு நடக்கும் விதத்தை அந்த நூல் நான்கு மாதிரிகளாகப் பிரித்தது; இந்த இருவழித் தொடர்பே நான்காவது. அந்த நான்கு மாதிரிகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற மாணவர்கள், நான்காவதை ஒருமுறையாவது செய்துபார்த்துவிட்டு வெளியே வர வேண்டும்.

ஒரு பருவத்து இன்டர்ன்ஷிப்பை விளம்பர ஏஜென்சியில் கழிப்பதற்குப் பதிலாக, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசலிலும் தொழிலாளர் விடுதியிலும் கழிக்கட்டும். கேட்டதைத் தொகுத்து, பெயர்களை மறைத்து, நிர்வாகத்தின் முன் படித்துக் காட்டட்டும். மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் அதற்குத் தரட்டும். பேராசிரியரின் கையெழுத்தோடு போகும் அறிக்கைக்காக ஒரு மாணவரின் வேலை போகாது. பெரிய நிறுவனங்கள் உடனே இணங்காமல் போகலாம். அம்பத்தூரின் சிறு தொழில்களில் தொடங்கலாம். அங்கே அறிக்கையைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர் ஒரே ஒரு முதலாளி, அவரும் பட்டறையிலேயேதான் இருப்பார்.