அயலவர் படமும் அறத்தீர்ப்பும்

ரஹாங் வட்டாரத்துத் தமிழ் மாணவன் ஜப்பானியப் படத்தைக் காணுங்கால், அது வேற்றுப் பண்பாட்டின் வெளிப்பாடு என்பதை உணர்ந்தே காண்கிறான். அண்டை வீட்டாரின் மலாய்ப் படத்தை அவ்வாறு அவன் கருதுவதில்லை. மொழி விளங்கினால் பண்பாடும் விளங்கிவிட்டது என்பது அவன் எண்ணம்.

பி. ரம்லி நடித்து 1956இல் வெளிவந்த ‘ஹங் துவா’வை எடுத்துக்கொள்வோம். (மலாயர்தம் பெருங்கதையான அதனை இயக்கியவர் பணி மஜும்தார் என்னும் வங்காளி!) பொய்ப்பழியால் கொலைத்தண்டனை பெற்ற துவா, மறைவாகக் காப்பாற்றப்படுகிறான். அவன் மாண்டான் என நம்பிய நண்பன் ஜெபாட், சுல்தானை எதிர்த்துக் கிளர்ந்தெழுகிறான். தனக்காகப் பொங்கிய அந்நண்பனையே அரசாணைப்படி துவா கொல்கிறான்.

‘நட்பைக் கொன்ற பாதகன்’ என மாணவன் உடனே தீர்ப்புரைப்பான். ஆனால், 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தில், செஞ்சோற்றுக் கடனுக்காக உடன்பிறந்தாரையே எதிர்த்துப் போரிடுபவனுக்கு அவன் கண்ணீர் சொரிகிறான். கர்ணனுக்கு அரசனும் நண்பனும் ஒருவனே. துவாவுக்கோ இருவர். எவனுடைய சோதனை கடியது?

துவாவை விளங்கிக்கொள்வது அவன் செயலை ஏற்பதாகாது. மலாய்த் திரையுலகிலும் தீர்ப்பு ஒன்றாக இல்லை. 1961இல் ஹுசேன் ஹனீப் ‘ஹங் ஜெபாட்’ எடுத்து, கிளர்ந்தவனையே நாயகனாக்கினார். ஒரு படத்தை மட்டும் காட்டி, ‘மலாய்க்காரர் இயல்பு இது’ என்று முடிக்கும் ஆசிரியர் பாதிப் பொய்யைக் கற்பிக்கிறார். இரண்டையும் கண்ட மாணவன், ‘நீங்கள் யார் பக்கம்?’ என்று அண்டை வீட்டாரையே கேட்கலாம். அவ்வீட்டுத் தந்தையும் மகனும் வெவ்வேறு விடை கூறவும் கூடும்.