அபயம் தரும் கை



நம்ம நெகிரி செம்பிலான் தோட்டங்கள்ல, லயத்து நாய் குரைச்சா பள்ளிக்குப் போற பிள்ளை என்ன செய்யும்? ஓடும்; இல்லேன்னா கல்லெடுக்கும். இரண்டுமே பயம்தான். குரைக்கிற நாய்க்கும் பல நேரம் பயம்தான்.

1991-இல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம், புளூ கிராஸ் மூலம் சென்னைக்கும் வந்தது. சாதுவான நாயைப் பிள்ளை முதல்ல தூர நின்னு பார்க்கும். பிறகு கிட்டே போகும். மனசு வந்தா தொடும். வற்புறுத்தக் கூடாது. "பயப்படாதே"ன்னு அதட்டினா பயம் போகாது. கூட ஒருத்தர் நின்னா குறையும்.

அச்சம் தீர்க்கும் பைரவருக்கு வாகனமே நாய்தான். நம்பி வந்த நாயைக் கைவிட்டு சொர்க்கம் போக மறுத்தார் தருமர்.

தேவார வகுப்பு முடிஞ்சதும் தம்பி தங்கைகளோடு லயம் வரைக்கும் நடங்க. "ஓடாதே, முறைக்காதே, மரம் மாதிரி நில்லு"ன்னு செஞ்சு காட்டுங்க. கடிச்சிட்டா சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க.

சாமி கையில் பார்க்கும் அபயம், பிள்ளைக்கு உங்க கையில் கிடைக்கட்டும்.