ஐயுறுதல் குற்றமாகுமா?

பிறரை ஐயுறுதல் பண்பன்று என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்தோர் நாம். அப்பண்பையே வாயிலாகக் கொண்டு நம் இல்லத்துள் நுழைகின்றனர் இக்கால வஞ்சகர்.

தொலைபேசியில் ஒரு குரல் தன்னைக் காவல்துறை அதிகாரி என்று கூறிக்கொள்கிறது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, நீங்கள் 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டுள்ளீர்கள், எவரிடமும் சொல்லக்கூடாது" என்று அச்சுறுத்துகிறது. வீடியோவில் சீருடையும் தோன்றுகிறது. விசாரணை முடியும்வரை பணத்தை வேறு கணக்கிற்கு மாற்றச் சொல்கிறது. பிறிதொரு குரல் கணினி நிறுவனத்தின் பெயரால் பேசி, வைரஸை நீக்குவதாகச் சொல்லிக் கணினியையே தன்வயப்படுத்துகிறது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்பதே இல்லை. 27.10.2024 அன்று 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரும் இதனைத் தெளிவுபடுத்தினார்.

ஐயம் இருவகைப்படும். குற்றம் காணும் விருப்பால் எழுவது ஒன்று. உண்மை காணும் விருப்பால் எழுவது மற்றொன்று. முன்னது பிறரை வருத்தும்; பின்னது எவரையும் வருத்தாது. இணைப்பைத் துண்டித்து, நாம் முன்பே அறிந்த எண்ணில் அவ்வலுவலகத்தை அழைத்து வினவினால் மெய்யான அதிகாரிக்கு இழிவில்லை, பொய்யனுக்கே இடையூறு. "எவரிடமும் சொல்லக்கூடாது" என்னும் சொல்லே வஞ்சகத்தின் அடையாளம்.

பொருளை இழந்தோர் நாணி மறைத்தல் வேண்டா. உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட்டால், பணம் கைமாறிச் செல்லுமுன் தடுக்க வாய்ப்புண்டு. இழந்த பெரியோரை, "ஏன் நம்பினீர்கள்?" என்று இல்லத்தார் கடிந்தால், அவர் மறுமுறையும் மறைப்பார். நம்பியவர் குற்றவாளி அல்லர். அவருக்குத் துணைநிற்போம், இனி ஆராய்ந்தபின் நம்புவோம்.