பதினாலாயிரம் ஆடுகளும் பத்துப் பிள்ளைகளும்

உங்களை ஒன்று கேட்கலாமா? துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் நீங்கள் என்ன பேசுவீர்கள்?

'எல்லாம் விதி', 'நம்ம கையில என்ன இருக்கு', 'நல்லவங்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கறான்'... இப்படி ஏதாவது ஒன்று எல்லோரிடமும் கைவசம் இருக்கும். என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. காரணம், நான் வேதபாட வகுப்பு எடுக்கிறவள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. வீட்டுக்காரரை ஆபீசுக்கும் பிள்ளைகளை ஸ்கூலுக்கும் அனுப்பிவிட்டு, எங்கள் சபைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு அதிகாரம். அப்புறம் டீ, மிக்சர். 'நீங்கதான் டீச்சரா இருந்தவங்களாச்சே' என்று வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். புதன்கிழமை ராத்திரி விளக்கவுரைப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நோட்டில் குறிப்பெடுப்பேன். யார் என்ன கேட்டாலும் பதில் ரெடி!

சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் யோபு புத்தகத்தை எடுத்துக்கொண்டோம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யோபு உத்தமன். பெரிய பணக்காரன். 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை. ஏழு மகன்கள், மூன்று மகள்கள். ஒரே நாளில் அத்தனையும் போய்விடுகிறது. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடு பெருங்காற்றில் இடிந்து, பத்துப் பேரும் சாகிறார்கள். அப்புறம் யோபுவின் உடம்பெல்லாம் புண். 'ஏன் எனக்கு இப்படி?' என்று அவன் கடவுளிடமே வழக்காடுகிறான். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது. 14,000 ஆடு, 6,000 ஒட்டகம், 1,000 ஏர் மாடு, 1,000 கழுதை. பிள்ளைகள் மட்டும் மறுபடியும் ஏழு மகன், மூன்று மகள்.

நம்ம ஊர் அரிச்சந்திரன் கதை ஞாபகம் வருகிறதல்லவா? ஒரு வித்தியாசம். அங்கே லோகிதாசன் உயிரோடு எழுந்து வருகிறான். யோபு கதையில் யாரும் எழுந்து வருவதில்லை.

இந்த வித்தியாசத்தைத்தான் வகுப்பில் ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். அதிகம் பேசாதவர். எட்டு மாதத்துக்கு முன்தான் காலேஜில் படித்த மகனை பைக் விபத்தில் பறிகொடுத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"டீச்சர், ஆடு ரெண்டு மடங்கு ஆச்சு. சரி. செத்துப்போன அந்தப் பத்துப் பிள்ளைங்க? புதுசாப் பொறந்த பொண்ணுங்க மூணு பேருக்கும் பேரு போட்டிருக்கு. அந்தப் பத்துப் பேருக்குப் பேருகூட இல்லையே?"

இதற்கும் நோட்டில் பதில் இருந்தது. "ஆடு மாடு செத்தா செத்ததுதான் அக்கா. அதனால ரெண்டு மடங்கு கொடுக்கணும். பிள்ளைங்க அப்படி இல்ல. முதல் பத்துப் பேரும் பரலோகத்துல இருக்காங்க. இன்னும் பத்துப் பேர் கொடுத்தா மொத்தம் இருபது. ரெண்டு மடங்கு ஆச்சுல்ல?"

நாலைந்து பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பைபிளை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீக்கு இருக்கவில்லை.

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும். நாலு வாரம் போனது. உடம்பு சரியில்லையோ என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன வசனம் சொல்லலாம் என்று யோசனை வேறு!

வீட்டின் பின்வாசல் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் வகுப்புக்கு வருகிற ஆச்சி. நெல்லைப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. பைபிளை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே கேட்டுக்கொண்டிருப்பார். வகுப்பில் நான் அதிகம் கண்டுகொள்ளாத ஆள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முறம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஆச்சி தெனம் வர்றாங்க" என்றார் அக்கா.

"என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேச மாட்டாங்க. கீரை ஆய்வாங்க. சில நாள் நான் அழுவேன். அப்பவும் ஆய்வாங்க."

நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா" என்றேன். அவர் நிமிராமலே, "நீங்க சொன்னது தப்புன்னு இல்ல டீச்சர். என் புள்ளைய வச்சுக் கணக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு ராத்திரி யோபு புத்தகத்தை மறுபடி எடுத்தேன், நோட்டு இல்லாமல். யோபுவைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எத்தனை தடவை படித்திருப்பேன்! வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏழு நாளும் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் நீதியுள்ளவர்' என்று அவர்கள் பேசப் பேச யோபு நொந்துபோகிறான். கடவுளைப் பார்த்தே கத்துகிறான்.

முடிவில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. யார் மேல்? தம்மிடம் கத்தினவனையும் அவர் விட்டுவிடவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ஆனால் கோபம், தமக்காக வாதாடினவர்கள் மேல். யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, அவனிடம் போங்கள், அவன் உங்களுக்காக ஜெபம் செய்யட்டும் என்கிறார். யோபு கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரை நேரான பதில் இல்லை.

யூதர்கள் வீட்டில் சாவு நடந்தால் ஏழு நாள் துக்கம். 'ஷிவா' என்றால் ஏழு. பார்க்க வருகிறவர்கள், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும் வரை பேசக் கூடாது என்பது மரபு. யோபு கதையிலிருந்து எடுத்த வழக்கம் அது. நம்மிடமும் இருக்கிறதே! சாவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவோமா? சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவோம்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. நான் சொன்னது பொய்யா? இல்லை. முதல் பத்துப் பிள்ளைகளும் கடவுளிடம் இருக்கிறார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அப்படியானால் எங்கே தப்பு? அந்தப் பதிலை யாருக்காகச் சொன்னேன் என்பதில். அக்காவின் கேள்வி ஹாலின் நடுவில் அப்படியே நின்றிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். என் நம்பிக்கையும் சேர்ந்து ஆடியிருக்கும். அதனால் அவசரமாகக் கதவைச் சாத்தினேன். ஆறுதல் எனக்கு, காயம் அவருக்கு.

நம்பிக்கை என்றால் கேள்வி இல்லாமல் இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். அக்காவுக்குக் கடவுள் மேல் நம்பிக்கை இல்லையென்றால் அவரிடம் ஏன் கணக்குக் கேட்கப்போகிறார்?

அதற்காக எல்லா இடத்திலும் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நழுவுவதும் நமக்குக் கைவந்த கலைதான். 'ஏதாவது சொல்லுங்களேன்' என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எது எப்போது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சில வியாழக்கிழமைகளில் தப்பாகத்தான் போகிறது.

அக்கா இரண்டு வாரம் கழித்து வந்தார், ஆச்சியோடு. கடைசி அதிகாரத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் ஆச்சி முதல் தடவையாக வாய் திறந்தார்.

"ஏம்மா டீச்சரு, யோபைப் பார்க்க மூணு பேரு வந்தாவ. அவன் பொஞ்சாதியப் பார்க்க யாரு வந்தா? பத்தும் அவ பெத்ததுதானே?"

யோபுவின் மனைவி புத்தகத்தில் பேசுவது ஒரே ஒரு தடவை. பிரசங்கங்களில் அதற்காக அவளுக்குக் கிடைப்பது திட்டுதான். "அவளுக்கும் பேரு போடல" என்றார் அக்கா.

நான் நோட்டைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. "தெரியல ஆச்சி" என்றேன்.

அன்றைக்கு வகுப்பு முடிய ஒன்றரை மணி ஆனது. டீ ஆறிப்போய், மறுபடி சுட வைத்துக் குடித்தோம்.